மண்வெட்டி எடுப்பதற்கு முன்: கட்டட அனுமதியும் குத்தகை வேலையும், சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை காலையில் என் கடைக்கு இரண்டு வகையானவர்கள் வருகிறார்கள். ஒருவர் கையில் நிலத்துக் கிராண்டு, அதாவது உரிமைப் பத்திரம், இருக்கும். வீடு கட்ட வேண்டும், எங்கே தொடங்குவது என்பார். இன்னொருவர் கையில் குத்தகை லைசென்ஸ், அதாவது கட்டுமான ஒப்பந்த வேலை எடுக்கும் உரிமம், இருக்கும். லைசென்ஸ் எடுத்து ஒரு வருடமாகிறது, வேலை வரவில்லை என்பார். இருவருக்கும் தேவையான பதில் ஒரே கட்டுத் தாளில்தான் இருக்கிறது. ஒருவர் கொடுக்கும் பிளான் மனுதான் இன்னொருவருக்கு வேலையாக மாறுகிறது.

நான் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவன். சிறிய குத்தகையாளன், வீடு, கால்வாய், கூரை, கோயில் மண்டபம் எல்லாம் செய்கிறோம். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். சுங்கை சிப்புட் பேராக் மாநிலத்தின் கோலகங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே நம் பிளான்கள் கோலகங்சார் நகராண்மைக் கழகத்துக்குப் போகும். சட்டங்கள் தீபகற்ப மலேசியா முழுவதற்கும் பொது. கட்டணமும், நில வகையை மாற்ற அரசுக்குக் கட்டும் நிலப் பிரீமியமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

தாமான் (வீடமைப்புப் பகுதி) வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை மட்டும் போடப் போகிறோம். அதற்கும் அனுமதி வேண்டுமா?

வேண்டும். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், அதாவது சட்டம் 133, பிரிவு 70 புதுக் கட்டடத்தோடு நிற்பதில்லை. இருக்கும் கட்டடத்தை நீட்டுவதும் மாற்றுவதும் அதற்குள் வருகிறது. அளவு சிறியதாக இருந்தால் முழு பிளான் இல்லாமல் சிறு வேலைக்கான பெர்மிட்டோடு முடியலாம். அது முடியுமா என்பதை நகராண்மைக் கழகக் கட்டடப் பிரிவு முகப்பில் கேளுங்கள். "பக்கத்து வீட்டுக்காரர் அப்படித்தான் கட்டினார்" என்பதை எந்த அதிகாரியும் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அறை என்றால் அளவு உண்டு. 1984ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டடத் துணைவிதிகளின்படி ஒரு வீட்டின் முதல் வாழறை 11 சதுர மீட்டருக்கும், இரண்டாவது 9.3க்கும், மற்றவை 6.5க்கும் குறையக் கூடாது. கூரையடி உயரம் வாழறைக்கும் படுக்கையறைக்கும் 2.5 மீட்டர், அடுப்படிக்கு 2.25. சன்னல் பரப்பு தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது வேண்டும். அதில் பாதியாவது காற்று வரத் திறக்க வேண்டும். பின்பக்கம் அறை போடுகிறவர்கள் இந்தக் கடைசி விதியில்தான் அதிகம் தவறுகிறார்கள். புது அறை எழும்பியதும் பழைய அறையின் ஒரே சன்னல் அடைபட்டுப் போகிறது. பகலிலும் விளக்குப் போட்டு உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்களை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பிளான் போடச் சொல்லும்போதே பழைய அறைக்கு வெளிச்சம் எங்கிருந்து வரும் என்று கேட்டுவிடுங்கள்.

கெபெனாரான் மெராஞ்சாங் என்கிறார்கள், பெலான் பங்குனான் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் காசு இழந்தவர்கள் ஏராளம்.

கெபெனாரான் மெராஞ்சாங் என்பது திட்ட அனுமதி. "இந்த நிலத்தில் இன்ன வகைக் கட்டடம் வரலாமா?" என்ற கேள்விக்கான பதில் அது. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், சட்டம் 172இன் கீழ் வருகிறது. அந்த வட்டாரத்துக்கான உள்ளூர்த் திட்டம், ரஞ்சாங்கான் தெம்பாத்தான், அந்த நிலத்தை எதற்கு ஒதுக்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். பாதை இருக்கிறதா, மழைத் தண்ணீர் எங்கே போகும், வண்டி எங்கே நிற்கும் என்றெல்லாம் அந்தக் கட்டத்தில்தான் கேட்பார்கள். பெலான் பங்குனான் அதற்கு அடுத்தது: சுவர் எங்கே, தூண் எத்தனை, கழிவறை எப்படி என்ற கட்டட பிளான். அது சட்டம் 133இன் கீழ்.

2007இலிருந்து எல்லா ஊராட்சி மன்றங்களிலும் ஓ.எஸ்.சி. என்ற ஒரே முகப்பு இருக்கிறது. மனு அங்கே போனால் ஜேகேஆர் என்ற பொதுப்பணி இலாகா, வடிகால் இலாகா, தீயணைப்பு, தண்ணீர், மின்சாரம் என்று தேவைப்படும் இலாகாக்களுக்கு அவர்களே அனுப்பிக் கருத்து வாங்குவார்கள். முன்பு ஒவ்வொரு படிக்கட்டாக நாமே ஏறி இறங்க வேண்டியிருந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். திட்ட அனுமதி கிடைத்து 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால், நீட்டிப்பு வாங்காவிட்டால், அது காலாவதியாகிவிடும். அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்திவிட்டு, இரண்டு தீபாவளி கழித்து என்னைக் கூப்பிட்ட குடும்பங்கள் உண்டு. மறுபடி முதலிலிருந்து மனு போட வேண்டியதாகிவிட்டது.

எங்கள் நிலம் விவசாய நிலம். வீடு கட்டலாமா?

முதலில் கிராண்டை விரித்து வையுங்கள். அளவையும் பெயரையும் பார்த்துவிட்டு மடித்துவிடாதீர்கள். மூன்று வரிகளைத் தேடுங்கள். ஒன்று, நிலத்தின் வகை: விவசாயம், கட்டடம், தொழில் என்ற மூன்றில் ஒன்று. இரண்டு, "ஷாராட் ஞாத்தா" என்ற வெளிப்படை நிபந்தனை: ரப்பர் மட்டும், பழ மரம் மட்டும், குடியிருப்பு மட்டும் என்று அங்கே எழுதியிருக்கும். மூன்று, "செக்காத்தான் கெபெந்திங்கான்": மாநில அரசின் சம்மதம் இல்லாமல் விற்கவோ அடகு வைக்கவோ முடியாது என்பது போன்ற கட்டுப்பாடு.

1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம், பிரிவு 115, விவசாய நிலத்தில் உரிமையாளர் தாம் குடியிருக்க வீடு கட்டுவதை வரையறையோடு அனுமதிக்கிறது. அதற்காக வரிசையாக ஆறு வீடு கட்டி வாடகைக்கு விடலாம் என்று பொருளில்லை. கடை, பட்டறை, லோரி நிறுத்துமிடம் எதுவும் கூடாது. அவற்றுக்கு நிலத்தின் வகையை மாற்ற வேண்டும். பிரிவு 124இன் கீழ் நில அலுவலகத்தில் மனு, அங்கீகாரம் வந்தால் பிரீமியம். நிலத்தைப் பிரித்து வகையையும் மாற்றுவதென்றால் 124ஏ அல்லது 204டி வழி. இதற்குச் சர்வேயரும் நேரமும் வேண்டும். கையில் பணமும் வேண்டும்.

நம் ஊரில் இதைவிடப் பெரிய சிக்கல் கூட்டுப் பட்டா. ஓர் ஏக்கர் நிலத்தைப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து வாங்கியிருப்பார்கள். கிராண்டு ஒன்று, அதில் பத்துப் பெயர், ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு. தரையில் கயிறு கட்டி, செம்பருத்தி நட்டு, "இது எங்களுடையது, அது உங்களுடையது" என்று பிரித்திருப்பார்கள். சட்டத்தின் கண்ணில் அந்தக் கயிறு இல்லை. விவசாய நிலத்தைப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் ஐந்தில் இரண்டு ஹெக்டேருக்கு, ஏறக்குறைய ஓர் ஏக்கருக்கு, குறையக் கூடாது. ஆகவே அந்த ஓர் ஏக்கர் விவசாய நிலமாக இருக்கும்வரை பத்தாகப் பிரியாது. ஒருவர் வீட்டு பிளான் போட்டால் மற்ற ஒன்பது பேரின் சம்மதமும் கேட்பார்கள். அதற்குள் ஒருவர் காலமாகியிருப்பார், பிள்ளைகள் பெயருக்கு மாற்றியிருக்க மாட்டார்கள். இன்னொருவர் ஜோகூர் பக்கம் போயிருப்பார்.

இப்படிப்பட்ட நிலத்தை விற்பவர் "பங்கு வேண்டாம், நான் உங்களுக்குத் தனி லோட் காட்டுகிறேன்" என்று வண்டியில் அழைத்துப் போய்த் தென்னை மரத்தைக் காட்டுவார். தென்னை மரத்தைப் பார்க்காதீர்கள். நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி உரிமைத் தேடல் எடுங்கள். யார் பெயர், எத்தனை பங்கு, கேவியட் என்ற கைமாற்றத் தடை போட்டிருக்கிறார்களா, வங்கி அடகு இருக்கிறதா எல்லாம் தெரிந்துவிடும். நீங்கள் வாழ்நாளெல்லாம் சேர்த்த பணம் அது.

தோட்டத்து இடத்திலேயே குடியிருக்கிறோம். "வீட்டை நீங்களே எடுத்துக் கட்டிக்கொள்ளுங்கள்" என்று நிர்வாகம் சொன்னது. கட்டலாமா?

எழுத்தில் வரும்வரை ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள்.

இதைக் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். முப்பது வருடம் ரப்பர் பால்மரம் சீவியவர். "உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடம் உங்களுக்குத்தான்" என்று, காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் எல்லார் காதிலும் விழச் சொன்னார்கள். அப்பா நம்பினார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து பிளாக் கல் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு அறை கட்டினார். தோட்டம் கைமாறியது. புதிய முதலாளியின் ஆள் வந்து கேட்டது ஒரே கேள்விதான்: "கடிதம் இருக்கிறதா?" இல்லை. சொன்னவர் ஓய்வுபெற்று ஊரைவிட்டே போய்விட்டார். அந்த இரண்டு அறையும் இடிபடும்போது அப்பா பக்கத்தில் நிற்கவில்லை. ஆற்றங்கரைப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததும், எவர் வந்தாலும் முதலில் தாளைக் கேட்பதும் அன்றைக்குத் தொடங்கியதுதான்.

தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு நம் மக்கள் தெருவுக்கு வந்த காலத்தில்தான், 1960இல், நம் சுங்கை சிப்புட்டில் பிறந்த அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களை வாங்கினார்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் அங்கே பேச்சு என்பதை அன்றைக்கே புரிந்துகொண்டவர் அவர். பின்னாளில் நிலச் சட்டத்தில் பிரிவு 214ஏ வந்தது. ஒன்றோடொன்று ஒட்டிய 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள விவசாய நிலம் தோட்ட நிலமாகக் கருதப்படும். அதைத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. உங்கள் தோட்டம் விற்கப்படுகிறது என்று கேள்விப்பட்டால் அந்த மனு எந்த நிலையில் இருக்கிறது என்று மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். வீட்டு வாக்குறுதி இருந்தால் அதைக் கைமாற்றத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.

கோயிலுக்கு மண்டபம் கட்ட வேண்டும். கோயிலுக்கும் பிளான் தேவையா?

தேவை. நிலம் யார் பெயரில் என்பதுதான் இங்கும் முதல் கேள்வி. கோயில் நிலம் தோட்ட நிர்வாகத்தின் பெயரிலோ அரசாங்கத்தின் பெயரிலோ இருந்தால், மண்டபத்துக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு வெள்ளியும் (ரிங்கிட்) பிறர் நிலத்தில் போடும் வெள்ளி. பல தோட்டத்துக் கோயில்கள் நூறு வருடம் பழமையானவை. இடம் மாற்றச் சொல்லும்போது அந்தப் பழமைக்குத் தாள் சான்று கேட்கிறார்கள். கும்பாபிஷேகப் பத்திரிகை, பழைய ரசீது, புகைப்படம், சங்கப் பதிவு எல்லாவற்றையும் ஓர் இரும்புப் பெட்டியில் சேர்த்து வையுங்கள். நன்கொடை வசூலிப்பதற்கு முன் நிலத்துக்கு மனு போடுங்கள். இந்த வரிசையை மாற்றாத கோயில் தலைவர்களை நான் மனதாரப் போற்றுகிறேன். கூட்டத்தில் திட்டு வாங்கிக்கொண்டு அதைச் செய்தவர்கள் அவர்கள்.

பிளானை யார் போட வேண்டும்? எனக்குத் தெரிந்த பையன் கம்ப்யூட்டரில் அழகாகப் போடுவான்.

போடட்டும், கையெழுத்து அவனுடையதாக இருக்க முடியாது. கட்டடக் கலைஞர், பொறியாளர், அல்லது மலேசியக் கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிந்த பிளான் வரைவாளர் ஒருவர்தான் பிளானைச் சமர்ப்பிக்க முடியும். வரைவாளருக்குச் சிறிய கட்டடங்கள் மட்டுமே. பெரியதற்கு மற்ற இருவரிடம் போக வேண்டும்.

இந்தக் கையெழுத்துக்கு மதிப்பு கூடியது 2007 ஏப்ரல் 12இலிருந்து. அதற்கு முன் வீடு முடிந்ததும் நகராண்மைக் கழகம் சி.எஃப். என்ற குடியேறும் தகுதிச் சான்றிதழைக் கொடுக்கும். இப்போது பிளான் சமர்ப்பித்த அதே நிபுணர்தான் சி.சி.சி. என்ற நிறைவுச் சான்றிதழைக் கொடுக்கிறார். மண்வேலை, அளவு குறித்தல், அஸ்திவாரம் என்று தொடங்கி ஒவ்வொரு கட்டத்துக்கும் ஜி1 முதல் ஜி21 வரை பாரங்கள் (படிவங்கள்). அந்தந்த வேலையைச் செய்த குத்தகையாளரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே "பிளானுக்கு மட்டும் ஓர் ஆள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்தால், வீடு எழுந்த பிறகு அஸ்திவாரத்தைப் பார்க்காதவரிடம் போய்க் கையெழுத்துக் கேட்க வேண்டிவரும். மனசாட்சி உள்ளவர் போட மாட்டார். சி.சி.சி. இல்லாத புது வீட்டில் குடியேறுவதே குற்றம்.

பக்கத்து நிலத்துக்காரர் எதிர்ப்புத் தெரிவித்தால்?

அந்த இடத்துக்கு உள்ளூர்த் திட்டம் நடப்பில் இல்லையென்றால் அக்கம்பக்கத்து நில உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் போகும். 21 நாளுக்குள் அவர்கள் காரணத்தோடு எழுதலாம். கேட்டு முடித்தபின் முடிவு சொல்வார்கள். மனு நிராகரிக்கப்பட்டால், அல்லது நிபந்தனை தாங்க முடியாததாக இருந்தால், ஒரு மாதத்துக்குள் மாநில மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். என் அனுபவத்தில், பிளானைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு முன்கூட்டியே போய் உட்கார்ந்து பேசினால் முக்கால்வாசி எதிர்ப்பு வருவதே இல்லை. தண்ணீர் தங்கள் பக்கம் திரும்பிவிடுமோ என்ற பயம்தான் பெரும்பாலும்.

அனுமதி இல்லாமல் ஏற்கெனவே கட்டிவிட்டோம். இனி?

திட்ட அனுமதி இல்லாத மேம்பாட்டுக்குச் சட்டம் 172இன் பிரிவு 26, 500,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு வருடம் வரை சிறையும் வைத்திருக்கிறது. தொடர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 வெள்ளி வரை. பயமுறுத்த எழுதவில்லை. நோட்டீஸ் வருவதற்கு முன் நீங்களே ஒரு வரைவாளரை அழைத்து, இருப்பதை அளந்து, பிளானாக்கிச் சமர்ப்பியுங்கள். வடிகாலின் மேலோ பின் சந்திலோ ஏறி நிற்கும் பகுதியை இடிக்க வேண்டியிருக்கும். அதை ஒத்துக்கொண்டு போனால் மீதியைக் காப்பாற்றலாம்.

குத்தகை லைசென்ஸ் எடுக்க என்ன செய்ய வேண்டும்?

முதலில் எஸ்.எஸ்.எம். என்ற மலேசியக் கம்பெனிகள் ஆணையத்தில் வியாபாரம் அல்லது கம்பெனிப் பதிவு. பிறகு சி.ஐ.டி.பி. என்ற கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்; 1994ஆம் ஆண்டின் சட்டம் 520 படி அங்கே பதியாமல் எவரும் கட்டுமான வேலை எடுக்கக் கூடாது. ஜி1 முதல் ஜி7 வரை ஏழு தரம். மேலே சொன்ன ஜி1 பாரம் வேறு, இந்த ஜி1 தரம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜி7க்கு வேலை மதிப்பில் உச்சவரம்பு கிடையாது, மற்றவற்றுக்கு உண்டு. மனு போடும் நாளில் நடப்பிலுள்ள வரம்பைச் சி.ஐ.டி.பி. முகப்பில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஜி1க்கு மூலதனம் 5,000 வெள்ளி காட்டினால் போதும், ஜி7க்கு 750,000. கட்டட வேலைக்குப் பி, சாலை, கால்வாய் போன்ற சிவில் வேலைக்குச் சி.இ., மின்சார, இயந்திர வேலைக்கு எம்.இ. என்று பிரிவுகள். பொதுக் கட்டட வேலைக்கான பி04உம் பொது சிவில் வேலைக்கான சி.இ.21உம் எடுத்து வைப்பது நம் ஊர் வேலைகளுக்கு உதவும்.

தனியார் வேலைக்கு இந்தப் பதிவு போதும். அரசாங்க வேலைக்கு இதோடு எஸ்.பி.கே.கே. என்ற அரசாங்க வேலைக் கொள்முதல் சான்றிதழும் வேண்டும். தளத்தில் கால் வைக்கும் ஒவ்வொருவருக்கும் பச்சை அட்டை. ஒரு நாள் பாதுகாப்பு வகுப்புக்குப் பின் கிடைக்கும்.

லைசென்ஸ் இருக்கிறது. வேலை எங்கே இருக்கிறது?

இதற்குத்தான் ஆட்கள் அதிகம் வருகிறார்கள், இதற்குத்தான் நான் அதிக நேரம் உட்கார்ந்து பேசுவேன்.

வேலை அறிவிப்பாக வரும்வரை காத்திருப்பவர் கடைசி ஆளாகப் போகிறார். ஒரு தாமான் வருகிறதென்றால் முதலில் நில வகை மாற்றமும் திட்ட அனுமதியும், பிறகு மண்வேலை பிளான், கட்டட பிளான், அதன்பின்தான் முதல் மண்வாரி. இந்த வரிசையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் உங்கள் வேலை எப்போது வரும் என்றும் தெரியும். கால்வாய் போடுகிறவர் மண்வேலை நடக்கும்போது போய் நிற்க வேண்டும். ஓடு பதிப்பவர் அப்போது போனால் பெயரை எழுதிவைக்கவும் ஆள் இருக்காது; சுவர் பூசத் தொடங்கும்போது போக வேண்டும்.

ஈப்போவுக்குப் போகும் பழைய சாலையில் வண்டி ஓட்டும்போது வேலைத்தளப் பலகைகளைப் படியுங்கள். மேம்பாட்டாளர், கட்டடக் கலைஞர், பொறியாளர், முதன்மைக் குத்தகையாளர் எல்லார் பெயரும் அதில் இருக்கும். குத்தகையாளர் பெயர் மட்டும் காலியாக இருந்தால் இன்னும் டெண்டர் கொடுக்கவில்லை என்று அர்த்தம். பெயர் எழுதியிருந்தால் அவரிடம்தான் சப் வேலை கேட்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதுங்கள். என் முதல் பெரிய வேலை, இருபத்து நான்கு வீட்டுக்கான வடிகால், அப்படி ஒரு பலகையைப் பார்த்துக் கேட்டு வந்ததுதான்.

அரசாங்க வேலை என்றால் ஜேகேஆர், நகராண்மைக் கழகம், மாவட்ட அலுவலகம், கல்வி இலாகா ஆகியவற்றின் அறிவிப்புகளை வாரா வாரம் பாருங்கள். சிறு வேலைகள் பலவற்றில் பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) தகுதிச் சான்று நிபந்தனையாக இருக்கும். பாரம் வாங்கக் காசு கட்டுவதற்கு முன் அந்த வரியைப் படித்துவிடுங்கள். எல்லாருக்கும் திறந்த வேலைகளும் உண்டு. தளப் பார்வை கட்டாயம் என்று போட்டிருந்தால் குறித்த நேரத்துக்குப் போய்க் கையெழுத்திட வேண்டும்; பத்து நிமிடம் தாமதித்து வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன்.

பலர் கவனிக்காத ஒரு கதவு தோட்டக் குடியிருப்பு. 1990ஆம் ஆண்டின் சட்டம் 446, தொழிலாளர் வீட்டு வசதிக்குக் குறைந்தபட்சத் தரம் வைக்கிறது. 2020 ஜூன் 1இலிருந்து தொழிலாளர் தங்குமிடத்துக்குத் தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் வேண்டும். ஆகவே நிர்வாகங்களுக்குக் கழிவறை, கூரை, மின்கம்பி, தடுப்புச் சுவர் வேலை தொடர்ந்து இருக்கிறது. தோட்ட அலுவலகத்தில் குத்தகையாளர் பதிவுக்கு மனு கொடுங்கள். லயத்துக் கூரை எங்கே ஒழுகும், மழைக்காலத்தில் எந்தக் கால்வாய் நிரம்பும் என்று நமக்குத் தெரிவதுபோல் பட்டணத்துக் கம்பெனிக்குத் தெரியாது.

விலை எப்படிப் போடுவது? குறைத்துப் போட்டால்தானே கிடைக்கும்?

குறைத்துப் போட்டுக் கிடைத்த வேலைதான் பல சிறு குத்தகையாளர்களை மூடவைத்தது. பிளானையும் வேலைப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பட்டியலில் இல்லாதது பிளானில் இருக்கும்; பிறகு "இதுவும் உங்கள் வேலைதான்" என்பார்கள். லோரி உள்ளே போகுமா, மழையில் பாதை நிற்குமா, தண்ணீரும் மின்சாரமும் எங்கிருந்து வரும் என்று தளத்திலேயே கேளுங்கள். அரசாங்க வேலையில் செயல் உத்தரவாதமாகக் குத்தகைத் தொகையில் ஐந்து விழுக்காடு நிற்கும்; வங்கி உத்தரவாதம் கொடுக்க முடியாதவர்களுக்கு ஒவ்வொரு கட்டணத்திலும் பத்து விழுக்காடு பிடித்து அந்த ஐந்தை நிரப்புவார்கள். குத்தகை மதிப்பு 500,000 வெள்ளிக்கு மேல் போனால் சி.ஐ.டி.பி. வரி 0.125 விழுக்காடு. இந்தப் பணம் இல்லாமலே இரண்டு மாதம் சம்பளம் கொடுக்க முடியுமா என்று கணக்குப் போட்டபின் கையெழுத்துப் போடுங்கள்.

வேலை முடிந்தது, காசு வரவில்லை. "மேலே வந்ததும் தருகிறேன்" என்கிறார்.

அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் இடமில்லை. 2014 ஏப்ரல் 15இல் நடப்புக்கு வந்த கட்டுமானத் தொழில் பணம் செலுத்தல், தீர்ப்பாய்வுச் சட்டம், சுருக்கமாக சிப்பா, "எனக்கு வந்தால்தான் உனக்கு" என்ற நிபந்தனையைச் செல்லாததாக்கிவிட்டது. எவ்வளவு, எந்த வேலைக்கு, ஒப்பந்தத்தின் எந்த வரியின்படி என்று எழுதிக் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். எதிர்த்தரப்புக்குப் பதில் எழுதப் பத்து வேலை நாள். பிறகு ஆசிய அனைத்துலக நடுவர் மையத்தின் வழி தீர்ப்பாய்வாளர் நியமிக்கப்படுவார். இரு தரப்பு எழுத்தும் சேர்ந்தபின் 45 வேலை நாளில் அவர் முடிவு சொல்ல வேண்டும். வழக்கு என்று வருடக்கணக்கில் இழுபடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் இந்தச் சட்டம் எழுத்தில் உள்ள குத்தகைக்கு மட்டுமே. எனக்கே இது நடந்தது. ஒரு வரிசை வீடுகளுக்குச் சுவர் பூசிக் கொடுத்தோம். தெரிந்தவர் என்று ஒப்பந்தம் எழுதவில்லை. தொலைபேசியில் விலை பேசினோம். கடைசி இரண்டு கட்டணம் வரவே இல்லை. ஆறு பேருடைய கூலியை நான் மனைவியின் சங்கிலியை வைத்துக் கொடுத்தேன். லயத்தில் அப்பாவுக்கு நடந்ததை என் கண்ணால் பார்த்துவிட்டு நானும் வாய்ப்பேச்சை நம்பினேன் என்பதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. அதற்குப் பிறகு, முந்நூறு வெள்ளி கூரை வேலைக்கும் ஒரு பக்கத் தாள் எழுதி இருவரும் கையெழுத்திடுகிறோம்.

இன்னொன்று. ஒருவர் தாமே குடியிருக்க நான்கு மாடிக்குக் குறைவான வீடு கட்டினால் அந்த வேலை சிப்பாவுக்குள் வராது. வீட்டுக்காரரிடம் வேலை எடுப்பவர்கள் அஸ்திவாரம், சுவர், கூரை, பூச்சு என்று கட்டம் கட்டமாகப் பணம் வாங்கும்படி எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர்களுக்கும் அதுதான் பாதுகாப்பு; முழுப் பணத்தையும் முன்னால் கொடுத்துவிட்டு ஆளைத் தேடி அலைய வேண்டாம்.

என் லைசென்ஸைக் கொஞ்ச நாள் கொடுத்தால் விழுக்காடு தருகிறேன் என்கிறார் ஒருவர்.

கொடுக்காதீர்கள். கூரை இடிந்தாலும் தொழிலாளி விழுந்தாலும் தாளில் உங்கள் பெயர்தான். பெர்கேசோ என்ற தொழிலாளர் சமூகக் காப்புறுதி கட்டாத தொழிலாளிக்கு அடிபட்டால் அவன் குடும்பம் நிற்பதும் உங்கள் வாசலில்தான். 2024 ஜூன் 1இலிருந்து வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களையும் தொடுகிறது. சிறிய தளம் என்ற சாக்கு இனி இல்லை.

மகள் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வை முடித்தாள். இந்தத் தொழிலில் பெண்பிள்ளைக்கு என்ன இருக்கிறது?

நிறைய. அளவுக் கணக்கு, பிளான் வரைதல், நிலச் சர்வே, தளப் பாதுகாப்பு இவற்றுக்கெல்லாம் ஆள் போதவில்லை. ஈப்போவில் உங்கு ஒமார் போலிடெக்னிக் பக்கத்திலேயே இருக்கிறது. சிவில் டிப்ளோமாவுக்கு மனு போடச் சொல்லுங்கள். விடுமுறையில் என் கடைக்கு அனுப்புங்கள். கிராண்டு படிக்கவும் வேலைப் பட்டியலில் விலை போடவும் சொல்லித் தருகிறேன். வரும்போது வீட்டுக் கிராண்டின் நகல் ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். முதல் பாடத்தை அதிலேயே தொடங்கலாம்.